பிரெஞ்சு போட்ட பியானோ

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் டிரேவர் முதலில் பியானோவைத்தான் காட்டுவார். காபியெல்லாம் அப்புறம்தான். பங்குச் சாமியாராக இருந்தாலும் சரி, இன்டர்நெட் ஒயர் மாட்ட வந்தவராக இருந்தாலும் சரி, "இது பிரெஞ்சுப் பியானோ. பாரிஸ்ல செஞ்சது" என்று ஆரம்பித்துவிடுவார். ஒயர்க்காரர் பாவம், தலையை ஆட்டிவிட்டு பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்பார்.

நானும் நம்பினேன். கல்யாணமாகித் தொம்மலூருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அது பிரெஞ்சுப் பியானோதான். என் மாமனார் ஓஸ்வால்ட், ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பத்திடமிருந்து அதை வாங்கி, பழுது பார்த்துக் கொண்டுவந்தாராம். டிரேவர் அப்போது சின்னப் பையன். தூக்கி வந்த ஆட்கள் வாசலில் நின்று, "பிரெஞ்சுப் பியானோ எந்த ரூமுக்கு சார்?" என்று கேட்டது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடியில் கம்பெனிப் பெயர் இல்லை. பழசு, அழிந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள், எனக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புகுந்த வீட்டில் நல்லதாக அமைந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று, அதையும் ஏன் நோண்டிப் பார்க்க வேண்டும்?

எங்கள் ஒரே மகள் சிந்தியா அந்தப் பியானோவில்தான் வளர்ந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் வாசிப்பு என் வாசிப்பைவிட எவ்வளவோ மேல். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஆனால் போன வருஷம் ஒரு பெரிய பரீட்சையில், வேறொரு ஹாலில், வேறொரு பியானோ முன்னால் உட்கார்ந்தவள் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பரீட்சை எடுத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்து வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தாள். அதன்பிறகு வீட்டில் பியானோ மூடியைத் திறக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய்த் தட்டுவேன்.

அதிலிருந்து அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது டிரேவர் சொன்ன ஒரு பேச்சு. "உன்மேல தப்பில்லடா. உன் கை பிரெஞ்சுப் பியானோல பழகின கை. அந்த முரட்டுப் பியானோ உனக்கு எப்படி ஒத்துவரும்?" அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே மூடியைத் திறந்தாள். நானும் என் பங்குக்கு ஒத்து ஊதினேன். மாணவர்கள் ஒரு நோட் பிசகினாலும் விடாதவள், இவள் எதை எப்படி வாசித்தாலும் "சூப்பர்டி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

பிரெஞ்சுப் பியானோவைப் பற்றி அவள் படிக்காதது கிடையாது. சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்துவாள். "ஒரு காலத்துல வெளிநாட்டுக்காரங்க எல்லாம் கேலி பண்ணாங்க மம்மி. குரல் சன்னம், பெரிய ஹாலுக்கு ஆகாது, ஜெர்மன் பியானோ முன்னாடி நிக்காதுன்னு. இப்ப டோக்கியோ, பாஸ்டன், ஹெல்சின்கின்னு அங்கங்க தேடி அலையறாங்க. மத்த பியானோல கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரே குரல். பிரெஞ்சுல கீழ பேஸ் ஒரு ஆளு, நடுவுல ஒரு ஆளு, மேல ஒரு ஆளு. விரல் என்ன நினைக்குதோ அதான் வெளிய கேக்கும். ஒண்ணும் மறைக்க முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அது நம்மகிட்ட இருக்கு" என்பாள். அப்போது அவள் முகத்தில் வரும் தைரியத்துக்காக, அந்தப் பியானோவைச் சந்திரனில் செய்தார்கள் என்று சொன்னாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

அவள் வாசித்ததை போனில் படமெடுத்து, 'பெங்களூரில் ஒரு பிரெஞ்சுப் பியானோ' என்று தலைப்புக் கொடுத்து நெட்டில் போட்டாள். ஃபின்லாந்திலிருந்து ஒரு பியானிஸ்ட் அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பழைய பிரெஞ்சுப் பியானோக்களைப் பார்ப்பது அவருக்குப் பைத்தியமாம். பாண்டிச்சேரி வரை வந்து தேடியிருக்கிறார், வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஒன்றும் உருப்படியாக மிஞ்சவில்லையாம். அடுத்த வாரம் பெங்களூரில் அவருக்கு ஒரு கச்சேரி இருந்தது. வரும்போது பியானோவைப் பார்க்க வேண்டும், சிந்தியா வாசிப்பதை நேரில் கேட்க வேண்டும், பிடித்திருந்தால் ஹெல்சின்கியில் தன் வகுப்பில் ஓர் இடம் தருவேன் என்று எழுதியிருந்தார்.

வீடே தலைகீழானது. டிரேவருக்குத் தரையில் கால் பாவவில்லை. பியானோவுக்குப் பாலிஷ் போட்டே தீர வேண்டும் என்று, மாமனார் காலத்திலிருந்து தெரிந்த சிவாஜிநகர் பாலிஷ் கடைக்குப் போன் செய்தார். அவர் ஆபீஸுக்கும் சிந்தியா காலேஜுக்கும் போன பிறகு கடைக்காரர் ராஜேந்திரன் வந்தார். வெற்றிலை போட்ட வாய், பெரிய பேச்சு. மூடியை ஒரு தடவு தடவிவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"மேடம், இது எங்கப்பா போட்ட பிரெஞ்சு!"

"என்ன பிரெஞ்சு?" என்று கேட்டேன்.

"பிரெஞ்ச் பாலிஷ் மேடம். அரக்கைத் துணில தொட்டுத் தொட்டுத் தேய்க்கறது. இப்பல்லாம் மெலமைன் பெயின்ட் அடிச்சா ஆய்த்து, முடிஞ்சுது. அப்பல்லாம் கடைல பிரெஞ்சு பீரோ, பிரெஞ்சு டேபிள்னுதான் சொல்லுவாங்க. தொம்மலூருக்கு ஒரு பிரெஞ்சுப் பியானோ பண்ணி அனுப்பினேன்னு எங்கப்பா சும்மா சொல்லிட்டே இருப்பாரு. மேல ஏதோ இங்கிலீஷ்காரன் கம்பெனிப் பேர் இருந்துதாம். பளபளப்புக்கு இடைஞ்சல்னு அதையும் தேச்சு எடுத்துட்டாராம்!"

பியானோ ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்கு அப்பா பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பாலிஷ் இப்போது வேண்டாம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஒருவழியாக அவரை அனுப்பினேன். கேட்டைச் சாத்தியதும் எங்கள் பியானோவுக்கு டியூனிங் பார்க்கும் டேரிலுக்குப் போன் போட்டேன்.

"டேரில், நம்ம பியானோ எந்த ஊர்து?"

"லண்டன், ஆன்ட்டி. உள்ள இரும்புச் சட்டத்துலயே ஊர்ப் பேர் இருக்கே."

"அப்போ பிரெஞ்சு இல்லையா?"

"ஐயோ, நீங்கல்லாம் பிரெஞ்சு பிரெஞ்சுன்னு கூப்பிடறது செல்லப் பேர்னு நினைச்சேன் ஆன்ட்டி. நாய்க்கு டைகர்னு வைக்கற மாதிரி."

"இத்தனை வருஷமா வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவன்மேல் என்ன தப்பு? யார்மேலாவது கோபப்படாவிட்டால் அழுதிருப்பேன்.

அந்த அம்மா வருவார். வந்ததும் மேல்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார், இதற்காகவே நாடு நாடாக அலைகிறவர். ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் சிந்தியா பக்கத்தில் நிற்பாள். நின்று அதைக் கேட்பாள். அந்தப் பரீட்சை ஹாலில் பார்த்த முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஹெல்சின்கி போனால் போகட்டும், ஹெல்சின்கியை நம்பி நான் இவளைப் பெறவில்லை. இவள் மறுபடி அந்த மூடியைத் திறக்காமல் போனால்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டால்? இந்த முறை அவளைத் தூக்கி நிறுத்த எங்களிடம் வேறு கதை கிடையாது.

டிரேவரிடம் சொல்ல முடியாது. அவர் வாயை மூடிக்கொண்டாலும் முகம் ஊருக்கே தம்பட்டம் அடித்துவிடும். நான் தனியாக யோசித்தேன், அதுதான் வினையாகப் போயிற்று. மறுபடி டேரிலைக் கூப்பிட்டு, ஆக்‌ஷனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கட்டையை அழுத்தினால் கம்பியில் போய் அடிக்கிற சுத்தியல்கள் இருக்கின்றனவே, அந்தச் சட்டம் மொத்தத்துக்கும் பெயர் ஆக்‌ஷன். அது இல்லாவிட்டால் பியானோ ஊமை.

"எதுக்கு ஆன்ட்டி? நல்லாத்தானே இருக்கு."

"பூச்சி அரிச்சிருக்கு."

"அரிக்கலையே."

"நான் சொல்றேன்ல, அரிச்சிருக்கு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்த அம்மாவுக்கு, பியானோ ரிப்பேருக்குப் போயிருக்கிறது, மகள் வாசிப்பதை எங்கள் பள்ளி ஹாலில் கேளுங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. பியானோவைப் பார்க்க முடியாதது வருத்தம்தான், ஆனால் முக்கியம் அந்தப் பெண் என்று. அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று சிந்தியா வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

வந்ததும் கை கழுவிவிட்டு நேராகப் பியானோவிடம் போனாள். கட்டையை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினாள். பிறகு கை முழுவதையும் வைத்து அழுத்தினாள். கட்டைகள் தொளதொளவென்று ஆடின, அவ்வளவுதான். நான் பூச்சிக் கதையைச் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை.

"அவங்க வர்றதுக்குள்ள வந்துருமா?"

"வராதும்மா. எங்க ஸ்கூல் ஹால்ல வாசி. ஜப்பான் பியானோ, புதுசு, நல்லாயிருக்கும்."

"என்னால முடியாது மம்மி" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அவமானத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவள் நின்றுகொண்டிருந்த ஒரே பலகையை நானே உருவிவிட்டேன். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் உடைந்துபோவாளோ, சொல்லாவிட்டால் உடைந்துபோவாளோ என்று தெரியாமல் ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவள் அந்த ஊமைப் பியானோவில்தான் பயிற்சி செய்தாள். பள்ளிக்கு வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள். சமையலறையில் நிற்கும் எனக்கு டொக் டொக்கென்று கட்டைச் சத்தம் மட்டும் கேட்கும். எந்த இடத்தை வாசிக்கிறாள் என்பது விரல் வேகத்தில் தெரியும். பேய் வீட்டில் குடியிருப்பது போல இருந்தது. டிரேவர் ஒருவர்தான், "அந்த அம்மாவுக்குக் கொடுத்து வைக்கல, பிரெஞ்சுப் பியானோவைப் பாக்க முடியாமப் போச்சு" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. பள்ளி விடுமுறை, ஹாலில் நாங்கள் மட்டும்தான். அந்த அம்மா வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, என் அம்மா வயதிலும் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, "நிதானமாக ஆரம்பி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். டிரேவரும் நானும் பின்னால் தள்ளி உட்கார்ந்தோம். சிந்தியா மேடை ஏறி, ஸ்டூலைச் சரிசெய்து, உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கை மடியிலேயே இருந்தது.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. டிரேவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது. சிந்தியா முன்வரிசையைப் பார்த்து, மெல்லிய குரலில், "மன்னிக்கணும். என் பியானோ பிரெஞ்சு. இதில் எனக்கு வராது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மா முன்னால் சாய்ந்து, அவசரமில்லை, நான் நாளைக்குத்தான் கிளம்புகிறேன், ஆனால் நாளைக்குக் கிளம்பிவிடுவேன் என்றார். சிந்தியாவின் உதடு வெளுத்திருந்தது. அடுத்து எழுந்து வெளியே ஓடுவாள். எனக்குத் தெரியும். இந்த முறை ஓடினால் திரும்பி வரமாட்டாள்.

நான் எழுந்தேன். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. அவள் பக்கத்தில் குனிந்து, தமிழில் சொன்னேன்.

"நம்ம பியானோ பிரெஞ்சு இல்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"லண்டன்ல செஞ்சது. பாலிஷ்தான் பிரெஞ்சு. கடைக்காரங்க பேச்சை உங்க டாடி சின்ன வயசுல தப்பா புரிஞ்சிக்கிட்டாரு. நாம எல்லாரும் அதையே பிடிச்சிக்கிட்டோம்."

"என்ன சொல்றீங்க?"

"நீ இதுவரைக்கும் பிரெஞ்சுப் பியானோவைத் தொட்டதே இல்ல. நீ வாசிச்சது எல்லாம் சாதாரண பியானோ."

"அப்ப அந்தப் பூச்சி?"

"பூச்சி இல்ல. நான்தான் கழட்டி அனுப்பினேன். இவங்க பாத்துருவாங்கன்னு."

அவள் முகம் மாறியது. அதில் பயம் இருந்தது. ஆனால் பியானோவைப் பார்த்துப் பயப்படவில்லை, என்னைப் பார்த்துப் பயந்தாள். நான் யாரோ ஒருத்தி, அவள் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது போல.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வாரம்தான்டி. சத்தியமா."

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். "கீழ போங்க மம்மி" என்றாள். அவ்வளவு கடுமையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. நான் இறங்கினேன். முடிந்தது, உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இருக்கைவரை போகக்கூட முடியவில்லை, படியின் அடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கையை மடியிலிருந்து எடுத்தாள். ஆரம்பமே தப்பு. பேஸ் தடாலென்று விழுந்தது, கோபம் அப்படியே கேட்டது. நிறுத்திவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இடது கை அடங்கியது. அதன்பிறகு நடுக்குரல் தனியாகப் பிரிந்து வந்தது, ஓர் ஆள் பக்கத்தில் நின்று பேசுவது போல. மேலே வலது கை வேறொரு குரலில் பதில் சொன்னது. எங்கள் பள்ளியின் அந்தப் பியானோ ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. பிள்ளைகள் அதை வருஷக்கணக்காகத் தட்டுவதைக் கேட்கிறவள் நான். அவள் எந்த நிமிஷமும் நின்றுவிடுவாள் என்று ஒவ்வொரு வரிக்கும் செத்துப் பிழைத்தேன். கைப்பிடி என் வேர்வையில் வழுக்கியது. அவள் முடித்த பிறகும் முடிந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா எழுந்து மேடையருகே வந்தார். "அந்த வீடியோவைக் கேட்டு, சந்தேகமே இல்லை, பிரெஞ்சுப் பியானோதான் என்று நினைத்தேன். காதாலேயே சொல்லிவிடுவேன் என்று என் மாணவர்களிடம் பெருமையடித்தேன். இந்தப் பியானோவும் இப்போது அதே குரலில்தான் பாடியது" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன்னுடைய அந்தப் பியானோ உண்மையிலேயே பிரெஞ்சா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் சிந்தியா. குரல் நடுங்கவில்லை.

அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற சிரிப்பு அது. செப்டம்பரில் வகுப்பு ஆரம்பம், அதற்குள் வந்து சேர் என்று சொல்லி அவள் தோளைத் தட்டிவிட்டு வண்டிக்குப் போனார். அவரை வழியனுப்ப டிரேவர் பின்னாலேயே ஓடினார். பின்வரிசையில் இருந்தவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்டிருக்கவில்லை. வாசலில் அவர், "மேடம், அடுத்த தடவை எங்க பியானோவைக் கண்டிப்பா பாக்கணும்" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

நானும் அவளும் மட்டும் இருந்தோம். பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. பெற்ற மகளிடம் போக எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

"மம்மி" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "ஒரு வருஷமா நான் எதை வாசிச்சாலும் சூப்பர் சூப்பர்னு சொன்னீங்களே. அதுவும் பாலிஷா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். கட்டிப்பிடித்து அழுதுவிடுவது அதைவிடச் சுலபம். இப்போதுதான் கிடைத்த தைரியத்தை என் வாயாலேயே கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"ஆரம்பத்துல பேஸை இடிச்சிட்ட" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ரெண்டாவது பக்கத்துல அவசரம். கடைசி நோட்டை முழுசா நிக்கவிடாம கையை எடுத்துட்ட. என் ஸ்டூடன்ட் யாராவது இப்படி வாசிச்சிருந்தா காதைத் திருகியிருப்பேன்."

அவள் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து, எனக்கு இடம் விட்டு, கட்டைகள்மேல் கையை வைத்தாள்.

"ரெண்டாவது பக்கம்னா, எங்கேர்ந்து?" என்று கேட்டாள்.